அளவைக் கூட்டும் முன் இடத்தைப் பாருங்கள்

சர்க்கரை ஏறிக்கொண்டே போகிற வாரத்தில் வீட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இன்னும் எத்தனை யூனிட் கூட்ட வேண்டும்? சாப்பாட்டைக் குறை சொல்வார்கள், ஓவர்டைமைக் குறை சொல்வார்கள், மருந்துக் கடையில் வாங்கிய பாட்டில் சரியில்லை என்பார்கள். மருந்து உடம்புக்குள் நுழைகிற அந்தக் காசளவு இடத்தைச் சட்டையைத் தூக்கிப் பார்ப்பவர் குறைவு. இந்த அத்தியாயம் அந்த இடத்தைப் பற்றியது. நாள் கடந்தும் கழற்றாமல் விட்ட பம்ப் கேனுலாவானாலும் (தோலுக்குள் செருகும் மெல்லிய குழாய்) சரி, வருடக்கணக்காக ஒரே பக்கம் குத்திய சிரிஞ்சானாலும் சரி, அங்குள்ள தோலடிக் கொழுப்பு மெல்ல மாறிவிடுகிறது. மாறிய இடத்திலிருந்து இன்சுலின் ரத்தத்துக்குப் போகும் வேகமும் அளவும் மாறிவிடுகின்றன. பம்பின் திரை 6 யூனிட் போனதாகக் காட்டும். ரத்தத்துக்குள் எத்தனை போனது, எப்போது போனது என்பது திரைக்குத் தெரியாது. ஆகவே அளவைச் சந்தேகப்படும் முன் இடத்தைச் சந்தேகப்படுங்கள் என்பதே என் வாதம்.

திருப்பூரில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். பனியன் கம்பெனிகளிலும் சாயப்பட்டறைகளிலும் வேலை செய்பவர்கள் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. இவர்களில் இன்சுலின் பம்ப் மாட்டியிருப்பவர் சிலரே. பெரும்பாலும் முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளும் இளைஞர்களும். பாட்டிலும் சிரிஞ்சும், அல்லது பேனா ஊசியும் வைத்திருப்பவர்களே பலர். இரு தரப்பையும் ஒரே அத்தியாயத்தில் சேர்ப்பது பொருந்தாது என்று தோன்றலாம். ஆனால் பம்ப் என்பது ஓயாமல் சொட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஊசி, அவ்வளவுதான். 1978-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் மருத்துவர்கள் தோலடியில் தொடர்ச்சியாக இன்சுலின் செலுத்திக் காட்டிய நாளிலிருந்து கருவி எத்தனையோ மாறிவிட்டது. மருந்து போய்ச் சேரும் மண் அதே தோலடிக் கொழுப்புதான்.

அந்த மண்ணில் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். பாட்டிலில் இருக்கும் இன்சுலினில் ஆறு ஆறு மூலக்கூறுகள் துத்தநாகத்தோடு சேர்ந்து கொத்தாக இருக்கும். தோலடியில் போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள நீரில் கரைந்து, கொத்து உடைந்து, தனித்தனியானால்தான் நுண்ணிய ரத்தக் குழாயின் சுவரைத் தாண்ட முடியும். லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற வேக இன்சுலின்களில் இந்தக் கொத்து எளிதில் உடையும்படி மாற்றி அமைத்திருக்கிறார்கள். சாதா ரெகுலர் இன்சுலினில் நேரம் பிடிக்கும். எதுவானாலும் கடைசிப் பயணம் ரத்த ஓட்டத்தின் கையில். அந்த இடத்தில் ரத்தக் குழாய் அதிகமானால் மருந்து சீக்கிரம் போகும். தழும்பும் தடித்த கொழுப்பும் வழியடைத்தால் தங்கிப் போகும், கொஞ்சம் அங்கேயே சிதைந்தும் போகும்.

பம்ப் கேனுலாவைச் செருகியதும் உடம்பு அதை ஒரு முள்ளாகத்தான் பார்க்கிறது. காயத்தை ஆற்றும் அணுக்கள் அதைச் சுற்றிக் கூடுகின்றன. இன்சுலின் கெடாமலிருக்கச் சேர்த்துள்ள ஃபீனால், கிரெசால் என்ற பொருள்களும் அந்த இடத்தை உறுத்துகின்றன. இதன் விளைவு ஒரே திசையில் போவதில்லை, அதனால்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பம்ப் போட்ட இளையவர்களுக்கு அதே போலஸை (ஒரே தடவையில் செலுத்தும் அளவை) முதல் நாளும் நான்காம் நாளும் கொடுத்துப் பார்த்தார்கள். நான்காம் நாள் மருந்தின் உச்சம் சீக்கிரமே வந்தது. அப்படியானால் பழைய செட்தானே (கேனுலாவும் டியூபும் சேர்ந்தது) நல்லது என்று கேட்கலாம். மறு ஆண்டு வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு அதற்குப் பதில் சொல்கிறது: 48 மணி நேரத்தைத் தாண்டியும் செட்டை மாற்றாமல் விட்டவர்களுக்குச் சராசரி சர்க்கரை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது.

இரண்டும் முரண்போலத் தெரிந்தாலும் சேர்த்துப் படித்தால் ஒரே கதை. அழற்சி தொடங்கும்போது அங்கே ரத்த ஓட்டம் கூடுகிறது, மருந்து விரைந்து போகிறது. சாப்பாட்டுக்குப் போட்டது சாப்பாடு செரிக்கும் முன்பே உச்சத்தைத் தொட்டு இறங்கினால், பின்னால் வரும் சர்க்கரைக்கு மருந்து மிஞ்சாது. நாள் போகப் போக அழற்சி அணுக்கள் கேனுலாவைச் சுற்றி ஓர் உறையாகக் கெட்டிப்படுகின்றன. மருந்து பரவ இடமின்றி, கேனுலாவின் ஓரமாகவே தோலின் மேல் கசிந்துவிடுவதும் உண்டு. முதல் நாள் ஒரு வேகம், மூன்றாம் நாள் இன்னொரு வேகம், ஐந்தாம் நாள் எந்த வேகம் என்று சொல்ல முடியாத நிலை. பம்பில் நீங்கள் பதிந்து வைத்த விகிதங்கள் எல்லாம் மருந்து ஒரே சீராகப் போகும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்குகள். அந்த நம்பிக்கை போன பிறகு விகிதத்தை மாற்றிக்கொண்டிருப்பது, நிட்டிங் மிஷினில் வளைந்த ஊசியை விட்டுவிட்டுத் துணியில் விழும் கோட்டுக்கு நூலைக் குறை சொல்வது போல.

இங்கே விவரம் தெரிந்த வாசகர் ஒரு நியாயமான மறுப்பை எழுப்புவார். 7 நாள் தாங்கும் செட் வந்துவிட்டதே, பிறகு ஏன் 3 நாள் என்று பயமுறுத்த வேண்டும்? உண்மைதான். மெட்ரானிக் நிறுவனத்தின் 7 நாள் செட் 2021-இல் ஐரோப்பாவிலும் 2022-இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. ஆனால் அது சாதாரண செட்டை அதிக நாள் வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்த கதை இல்லை. சாதாரண டியூபின் பிளாஸ்டிக், இன்சுலினில் உள்ள பாதுகாப்புப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிடும். அது குறைந்த இன்சுலின் இழை இழையாகத் திரண்டு வழியடைக்கவும் அழற்சியைக் கூட்டவும் இடமுண்டு. 7 நாள் செட்டில் டியூப், இணைப்பு, ஒட்டும் பிளாஸ்டர் எல்லாவற்றையும் இதற்காகவே மாற்றினார்கள். அப்படி மாற்றியும், அமெரிக்கச் சோதனையில் 7 நாள் முடியும்வரை தாங்கியவை முக்கால் பங்கை ஒட்டித்தான். இதற்கென்றே வடிவமைத்த செட்டிலேயே ஏறக்குறைய நாலில் ஒன்று வழியில் நின்றுவிட்டது என்றால், 3 நாளுக்குச் செய்ததை 6 நாள் வைப்பவர் எதை நம்பி வைக்கிறார்? உங்கள் பெட்டியின் மேல் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதோ அதுவே உச்சவரம்பு. டெஃப்லான் கேனுலாவுக்குப் பொதுவாக 2 முதல் 3 நாள், ஸ்டீல் ஊசிக்கு 2 நாள். உச்சவரம்பு என்பதால் அதற்கு முன்பே தோல் சிவந்தாலும் வலித்தாலும் அன்றே கழற்றிவிட வேண்டியதுதான்.

இன்னொரு மறுப்பு பணம். இதைத் தட்டிக் கழிக்கும் உரிமை யாருக்கும் இல்லை. சனிக்கிழமை சம்பளத்தை வைத்து வாரத்தை ஓட்டுகிற வீட்டில், 10 செட் உள்ள பெட்டியை ஒரு மாதத்துக்குப் பதில் இரண்டு மாதத்துக்கு இழுக்க நினைப்பது அலட்சியத்தால் வருவதில்லை. ஆனால் கணக்கை முழுசாகப் போட்டுப் பாருங்கள். கடைசி நாள்களில் ஏறும் சர்க்கரைக்குக் கூடுதல் இன்சுலின், கூடுதல் ஸ்ட்ரிப், ஒரு நாள் வேலை போனால் ஒரு நாள் கூலி. இதெல்லாம் போக, பம்பில் போவது வேக இன்சுலின் மட்டுமே என்பதால், கேனுலா அடைத்துக்கொண்டால் உடம்பில் கையிருப்பு என்று எதுவும் இருக்காது. முதல் வகை நோயாளிக்கு நாலைந்து மணி நேரத்திலேயே கீட்டோன் ஏறத் தொடங்கலாம். அது முற்றினால் ஐசியு. பணம் உண்மையிலேயே எட்டவில்லை என்றால் செட்டை இழுப்பதைவிட, டாக்டரிடம் சொல்லி நீண்டநேர இன்சுலினும் பேனாவுமாக மாறிக்கொள்வது பாதுகாப்பு. பம்ப் இல்லாமலும் சர்க்கரையை நன்றாக வைத்திருக்க முடியும். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு உதவி தேடுகிறவர்கள் கோயம்புத்தூரின் இதயங்கள் அறக்கட்டளை போன்ற, முதல் வகை நோயுள்ள குழந்தைகளுக்காகவே இயங்கும் அமைப்புகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

செட் மாற்றுவதற்குச் சரியான நேரம் காலை. எழுந்ததும் மாற்றி, புதிய கேனுலா வழியாகவே காலைச் சாப்பாட்டுக்கான போலஸைக் கொடுத்துவிட்டு, கம்பெனியில் டீ டைம் வரும்போது ஒருமுறை சர்க்கரை பாருங்கள். கேனுலா மடிந்திருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். இரவு படுக்கும் முன் மாற்றினால் அதே கோளாறு விடிகிறவரை தெரியாமல் ஓடும். பழைய செட்டை உருவியதும் குப்பையில் போட்டுவிடாதீர்கள், வெளிச்சத்தில் பிடித்து நுனியைப் பாருங்கள். நேராக இருக்கிறதா, கொக்கிபோல் வளைந்திருக்கிறதா, உள்ளே ரத்தம் உறைந்திருக்கிறதா? பிளாஸ்டர் நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். இன்சுலினுக்கு என்று ஒரு ஆஸ்பத்திரி வாடை உண்டு, அந்த ஃபீனால் வாடைதான். அது பிளாஸ்டரில் அடித்தால் திரை காட்டிய யூனிட்டில் ஒரு பங்கு உங்கள் சட்டைக்குப் போயிருக்கிறது. கழற்றிய தேதி, எத்தனையாவது நாளிலிருந்து சர்க்கரை ஏறியது, நுனி எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். இரண்டு மாதத்தில் உங்கள் உடம்பின் கணக்கு உங்களுக்கே புரிந்துவிடும். சிலருக்கு 3 நாளும் சீராக ஓடும். சிலருக்கு இரண்டாம் நாள் மாலையே முடிந்துவிடும்.

இடம் தேர்ந்தெடுப்பதில் வேலையையும் உடையையும் சேர்த்து யோசிக்க வேண்டும். சேலை கட்டுபவர்களுக்கு இடுப்பில் பாவாடை நாடா இறுகிப் பதிந்த கோடு இருக்கும். அந்தக் கோட்டின் மேலும், அதை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்குள்ளும் கேனுலா வைக்காதீர்கள், ஊசியும் போடாதீர்கள். நாடா அழுத்தும் இடத்தில் கேனுலா மடியும், பிளாஸ்டர் சுருண்டு எழும். லுங்கி முடிச்சுக்கும் பேன்ட் பெல்ட்டுக்கும் இதே கதை. பவர் டேபிளில் முன்னால் குனிந்தே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வயிறு மடிகிற இடமும் ஆகாது; பிட்டத்தின் மேற்பக்கம், வெளிப்புறமாக, நல்ல இடம். அயர்ன் டேபிளிலும் காம்பேக்டிங்கிலும் வேலை என்றால் வெப்பத்தையும் கணக்கில் சேருங்கள். சானா அறையின் சூட்டில் உட்கார்ந்தவர்களுக்குத் தோலடி இன்சுலின் வெளியேறும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பானதாகப் பின்லாந்தில் 1980-இலேயே கண்டிருக்கிறார்கள். ஸ்டீம் அயர்ன் பாக்ஸ் முன் பன்னிரண்டு மணி நேரம் நிற்பது சானா அளவுக்குச் சூடில்லைதான். என்றாலும், காலையில் போட்டது ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்யும் வேலையைத் திங்கட்கிழமை கம்பெனியில் அதே வேகத்தில் செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. டியூபை ஆவி படாதபடி துணிக்குள் விடுங்கள். வியர்வைக்கு, தோலை நன்றாகத் துடைத்து முழுக்கக் காய்ந்த பிறகே பிளாஸ்டரை ஒட்டுங்கள்.

இனி சிரிஞ்சும் பேனாவும். இங்கே நாள்கணக்கு இல்லை, வருடக்கணக்கு. தொப்புளுக்குப் பக்கத்தில் கைக்கு எட்டுகிற ஓர் இடத்தில் போட்டுப் போட்டு அங்கே கொழுப்பு திரண்டு, தொட்டால் ரப்பர் போல ஒரு மேடு ஆகிவிடும். “அங்க போட்டா வலிக்கறதே இல்லைங்க” என்று சொல்லி அந்த மேட்டையே தேடிக் குத்துபவர்கள் நிறையப் பேர். வலிக்காதது உண்மை. வலியில்லாமைக்கு விலையாக மருந்தின் ஒழுங்கு போய்விடுகிறது என்பதும் உண்மை. ஜெர்மனியில் முதல் வகை நோயுள்ள 13 பேருக்கு ஒரே அளவு லிஸ்ப்ரோவை மேட்டிலும் நல்ல தோலிலும் மாறி மாறிக் கொடுத்து அளந்த ஆய்வு 2016-இல் வெளியானது. மேட்டிலிருந்து ரத்தத்துக்குப் போனது குறைவு. சாப்பிட்ட பின் சர்க்கரை கால் பங்குக்கு மேல் கூடுதலாக நின்றது. இதைவிட முக்கியம், அதே ஆளுக்கு அதே மேட்டில் அதே அளவு போட்டாலும் ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் உள்ள வித்தியாசம் நல்ல தோலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு இருந்தது.

குறைவாகப் போனால் கொஞ்சம் கூட்டிப் போட்டால் சரியாகிவிடுமே என்பவர்களுக்கு இந்தக் கடைசி வரிதான் பதில். எப்போதும் 20 சதவீதம் குறைகிறது என்றால் கூட்டி ஈடுகட்டலாம். இன்று குறைந்து நாளை முழுசாகப் போகிற இடத்தில் கூட்டி வைத்த அளவு, ஏதோ ஒரு நாள் ஆளையே சாய்த்துவிடும். ஸ்பெயினில் இன்சுலின் போடும் 430 பேரைப் பரிசோதித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு இந்த மேடு இருந்தது. மேடு உள்ளவர்களில் 39 சதவீதம் பேருக்குக் காரணம் தெரியாத தாழ்சர்க்கரை வந்திருந்தது. மேடு இல்லாதவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான். மேடு உள்ளவர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 15 யூனிட் கூடுதலாகவும் போட்டுக்கொண்டிருந்தார்கள். அது முழுக்க மேட்டினால்தான் என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பாதி என்றே வைத்துக்கொள்வோம். 40 யூனிட் வகையின் 10 மில்லி பாட்டிலில் இருப்பது 400 யூனிட். ஒரு நாளைக்கு 7 யூனிட் வீணானால் இரண்டு மாதத்தில் ஒரு முழுப் பாட்டில் போய்விடுகிறது.

ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதும் மேட்டை வளர்க்கிறது. ஒரு பேனா ஊசியை வாரம் முழுக்க ஓட்டுபவர்கள் உண்டு. ஏற்றுமதி கம்பெனிகளில் தையல் ஊசி ஒன்று முறிந்தால் மிஷினை நிறுத்தி, துண்டுகளையெல்லாம் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் ஒட்டி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் புது ஊசி கொடுப்பார்கள். எங்கோ ஓர் ஊரில் பனியன் போடப்போகும் குழந்தைக்குக் குத்திவிடக் கூடாதென்று அத்தனை கவனம். அதே கை, வீட்டுக்குப் போய்ப் பத்தாவது முறையாக மழுங்கிய ஊசியைத் தன் வயிற்றில் செருகுகிறது. ஒருமுறைக்கு ஒன்று என்பதே சரியான விதி. அது முடியாவிட்டாலும் நுனி தோலை இழுப்பதுபோல் தெரிந்த நிமிடமே தூக்கிப் போடுங்கள். பேனாவுக்கு 4 மில்லிமீட்டர் ஊசி ஏறக்குறைய எல்லா உடல்வாகுக்கும் போதும். தோலின் தடிமனே 2 மில்லிமீட்டர் அளவுதான்.

மேடு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து மட்டும் முடிவு கட்ட முடியாது. மல்லாந்து படுத்து, விரல் நுனியில் சோப்பு நுரையோ எண்ணெயோ தடவிக்கொண்டு, ஊசி போடும் இடம் முழுவதும் மெல்லத் தடவிப் போங்கள், அழுத்தாதீர்கள். செக்கிங் டேபிளில் துணியை உள்ளங்கையால் நீவிக் கோளாறு கண்டுபிடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது கைவந்த வேலை. மெத்தென்ற தோல் ஓரிடத்தில் சற்றே கெட்டிப்பட்டு, கிள்ளினால் தோலை மடிக்க வராமல் இருந்தால் அதுதான். அதைச் சுற்றி எழுதும் பேனாவால் வட்டம் போட்டு, போனில் படமெடுத்து, அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள். அந்த வட்டத்துக்குள் பல மாதங்களுக்கு ஊசியும் வேண்டாம், கேனுலாவும் வேண்டாம். நல்ல இடத்தில் வயிற்றை நாலு கட்டமாகப் பிரித்து வாரத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒவ்வொரு குத்துக்கும் ஒரு விரல் இடைவெளி என்று சுற்றி வாருங்கள். அந்த ஸ்பெயின் ஆய்வில் முறையாக இடம் மாற்றியவர்களில் 5 சதவீதம் பேருக்குத்தான் மேடு இருந்தது.

பம்ப் வைத்திருப்பவர்கள் வீட்டில் மாற்று ஏற்பாடாகப் பேனாவோ சிரிஞ்சோ எப்போதும் இருக்க வேண்டும். சர்க்கரை 250-ஐத் தாண்டி, பம்ப் வழியாகக் கொடுத்த போலஸுக்கு இரண்டு மணி நேரத்தில் இறங்கவில்லை என்றால், அடுத்த அளவைப் பேனாவால் கொடுத்துவிட்டுச் செட்டை வேறிடத்துக்கு மாற்றி, சிறுநீரில் கீட்டோன் பாருங்கள். வாந்தியோ வயிற்று வலியோ பெருமூச்சோ இருந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இந்த அவசரத்தில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பம்பிலும் பேனாவிலும் போவது ஒரு மில்லிக்கு 100 யூனிட் மருந்து. நம்மூரில் பாட்டிலோடு வருகிற சிவப்பு மூடி சிரிஞ்ச் 40 யூனிட் மருந்துக்கானது. பேனா மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் 10 கோடு என்பது 25 யூனிட். 100 யூனிட் மருந்துக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சை மட்டும் பம்ப் பெட்டியில் வையுங்கள், சிவப்பு மூடி அந்தப் பெட்டிக்குள் வரவே கூடாது.

மேட்டை விட்டு நல்ல இடத்துக்கு மாறும் நாள்தான் மிகக் கவனம் தேவைப்படும் நாள். இத்தனை நாள் ஒரு பங்கு வீணாகிக்கொண்டிருந்த மருந்து இப்போது முழுசாக ரத்தத்துக்குப் போகும். பழைய அளவையே போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். ஆகவே மாறும் முன் டாக்டரிடம் கேட்டு அளவைக் குறையுங்கள். எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். முதல் இரண்டு வாரம் காலை வெறும் வயிற்றிலும், ஒன்றிரண்டு நாளாவது விடியற்காலை 3 மணிக்கும் சர்க்கரை பாருங்கள். மிஷின் டேபிளின் டிராயரில், பாப்பின் கிடக்கிற இடத்தில், ஒரு பொட்டலம் குளுக்கோஸ் பொடி இருக்கட்டும். அடுத்த மிஷினில் இருப்பவரிடமும் அது எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள்.